தேய்த்தால் போவது எது?

திண்டுக்கல் நகரை விட்டு எந்தத் திசையில் புறப்பட்டாலும் முதலில் கண்ணில் படுவது செம்மண் வெளி. மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர், தென்கிழக்கே சிறுமலை, இடையே வானம் பார்த்த பூமி. அந்தப் பூமியில் விதைப்பார் இன்றி, நீர் விடுவார் இன்றி, வேலி ஓரத்திலும் இருப்புப் பாதை ஓரத்திலும் தானே முளைத்துத் தானே தழைத்து, மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் செடி ஒன்று உண்டு. ஆவாரை அதன் பெயர். ஏழை எளியவர் அனைவரும் அறிந்த செடி.

அந்த ஆவாரையின் பூவைப் பறித்து, நிழலில் உலர்த்தி, பாசிப்பயற்றோடும் கஸ்தூரி மஞ்சளோடும் சேர்த்து இடித்துச் சலித்து, குளிக்கும்போது மேனியில் தேய்த்துக் கொண்டனர் நம் பாட்டிமார். அதே ஆவாரையின் பட்டையை உரித்து, கட்டுக் கட்டாய் வண்டியில் ஏற்றி, தோல் பதனிடும் தொட்டிகளில் கொட்டி ஊறவைத்தனர் நம் பாட்டன்மார். பூ, மனிதனின் தோலுக்கு. பட்டை, ஆட்டின் தோலுக்கு. ஒரு செடி, இரு தோல்!

மேனி மெருகு பற்றி எழுதுவோர் பூவைப் பற்றி மட்டும் எழுதுவர். தொழில் வரலாறு எழுதுவோர் பட்டையைப் பற்றி மட்டும் எழுதுவர். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் தோல் என்பது என்ன, அதைத் தேய்த்தால் போவது எது, எவ்வளவு தேய்த்தாலும் போகாதது எது என்ற உண்மை விளங்கும். அந்த உண்மை சிறியதாகத் தோன்றலாம். ஆயின் இந்த நாட்டில் எத்தனை பெண்களின் கண்ணீர் அந்தச் சிறிய உண்மை தெரியாததால் வடிந்தது! எத்தனை மக்கள் அந்தச் சிறிய உண்மை மறைக்கப்பட்டதால் குளத்தங்கரையிலிருந்து விரட்டப்பட்டனர்!

பழைய ஏடுகளிலிருந்தே தொடங்குவோம். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி நீராடும் காட்சி வருகிறது. பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் அவள் தன் கூந்தலைக் கழுவுகிறாள். பத்துத் துவர் எவை என்று உரைகாரர் கணக்கும் தருகின்றனர். பூவந்தி, கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், கருங்காலி, நாவல், அவற்றோடு பால்மரம் நான்கு. பூவந்தி என்பது இன்று நாம் பூந்திக்கொட்டை என்று சொல்லும் நுரைக்காய். ஆக, அழுக்கு நீக்க நுரை தரும் பொருளும், தோலை இறுக்கத் துவர்ப்புத் தரும் பொருளும் சேர்ந்திருந்தன என்பது தெளிவு. அறிவோடு அமைந்த முறைதான். மறுப்பார் இல்லை.

ஆனால் தோழர்களே, ஒரு கேள்வி. பத்தும் ஐந்தும் முப்பத்திரண்டும் சேர்ந்து நாற்பத்தேழு பொருள்! அவற்றைக் காட்டில் பொறுக்கியவர் யார்? சுமந்தவர் யார்? இடித்தவர் யார்? இடித்த பொடியில் ஒரு பிடி அவர்கள் மேனிக்குக் கிடைத்ததா? காவியம் அதைச் சொல்லவில்லை. காவியம் மாளிகையின் குளியலறையைக் காட்டும். உரல் இருந்த கொல்லைப்புறத்தைக் காட்டாது. அதே சிலம்பு, மதுரைக்குச் செல்லும் வழி கூறும்போது நம் சிறுமலையைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதன் வாழையையும் பலாவையும் பாராட்டுகிறது. அந்த மலையடியில் உழுதவன் எதைத் தேய்த்துக் குளித்தான் என்பதை நாம்தான் தேடிக் காண வேண்டும்.

தேடினால் கிடைக்கிறது. திண்டுக்கல், மதுரை வட்டாரத்துப் புன்செய்க் காடுகளில் உசில மரம் செழித்து வளரும். உசிலம்பட்டி என்ற ஊர்ப்பெயரே அம்மரத்தால் வந்தது என்பர். அதன் இலையை உலர்த்தி இடித்தால் அரப்பு. நீரில் குழைத்தால் வழுவழுப்பும் நுரையும் வரும். மேற்கு மலைச் சரிவுகளில் கொடியாய்ப் படரும் சீயக்காயிலும் அதே தன்மை உண்டு. சப்போனின் என்று அறிவியலார் பெயரிட்ட பொருள்தான் இவற்றில் நுரையாக எழுகிறது. எண்ணெயை நீரோடு கலக்கச் செய்து கழுவித் தள்ளுவது அதன் வேலை. அரப்போடு, கொல்லையில் முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் கூடு. அதுவும் இல்லையேல் தேங்காய் நார். குதிகாலுக்கு, துணி துவைக்கும் கல்லே போதும். உழவனின் குளியல் இதுதான். நாற்பத்தேழு பொருள் இல்லை, இரண்டே பொருள். ஆயினும் அடிப்படை வேலை ஒன்றே.

அந்த வேலை என்ன? இனி அறிவியல் சொல்வதைக் கேட்போம்.

வளர்ந்த மனிதனின் தோல் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் பரப்பு உடையது. அதில் மேல்தோல், உள்தோல் என இரு பகுதி. மேல்தோல் மிக மெல்லியது. உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. அதன் அடித்தளத்தில் நாள்தோறும் புதிய செல்கள் பிறக்கின்றன. பிறந்தவை மெல்ல மெல்ல மேலே தள்ளப்படுகின்றன. மேலே வர வர அவை தட்டையாகி, கெரட்டின் என்னும் கடினமான புரதத்தால் நிரம்பி, உயிர் நீங்கி, ஓடு வேய்ந்தது போல் அடுக்கடுக்காய்ப் படிகின்றன. பிறகு ஒவ்வொன்றாய் உதிர்கின்றன. பிறப்பிலிருந்து உதிர்வு வரை ஏறத்தாழ நான்கு வாரம். முதுமையில் இன்னும் சில நாள் கூடும். ஆக, நாம் தொட்டுப் பார்த்து 'என் தோல்' என்று பெருமை கொள்கிறோமே, அந்த மேற்பரப்பு முழுவதும் உயிர் நீங்கிய செல்களின் அடுக்கு!

உதிர வேண்டியவை சில வேளை உதிராமல் ஒட்டிக் கொள்ளும். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் புழுதியும் அவற்றோடு சேரும். அப்போது மேனி சொரசொரப்பாகும், மங்கிக் காணும். பீர்க்கங்கூட்டாலோ பயற்றம் மாவாலோ மென்மையாகத் தேய்த்தால் அந்தத் தளர்ந்த செல்கள் நீங்கும். மேற்பரப்பு ஒரு சீராகும். ஒரு சீரான பரப்பில் ஒளி ஒழுங்காகப் பட்டுத் திரும்பும். அந்த ஒளியைத்தான் நாம் பொலிவு என்கிறோம், மெருகு என்கிறோம். தயிர் தடவிக் குளிக்கும் பழக்கத்திற்கும் இதுவே விளக்கம். தயிரிலுள்ள லாக்டிக் அமிலம் செத்த செல்களைப் பிணைத்திருக்கும் பசையைத் தளர்த்த வல்லது. இத்தகைய அமிலங்கள் மேல்தோல் மீது எப்படி வேலை செய்கின்றன என்பதை வான் ஸ்காட், யூ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர் 1974-இல் வெளியிட்டனர். அடுப்பங்கரையில் வழங்கிய பழக்கத்திற்கு ஆய்வுக்கூடம் காரணம் கண்டது, அவ்வளவே. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை, நாளும் கோளும் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை.

நம் நாட்டார் மட்டுமா தேய்த்தனர்? உலகமே தேய்த்தது. பண்டை ரோமாபுரியில் உடலெங்கும் எண்ணெய் பூசி, வளைந்த உலோகத் தகடு ஒன்றினால் சுரண்டி எடுப்பர். செல்வர்க்குச் சுரண்டி விட்டவர் அடிமைகள். மல்லர்களின் உடலில் சுரண்டிய எண்ணெய் அழுக்கை மருந்தென்று விற்றதையும், பெரும் பொருள் கொடுத்து வாங்கியதையும் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ப்ளினி எழுதி வைத்திருக்கிறார். மூடநம்பிக்கைக்கு எல்லை ஏது, நாடு ஏது! துருக்கியரின் நீராவிக் குளியலறையில் முரட்டுத் துணியில் தைத்த கையுறை கொண்டு தேய்ப்பர். கொரிய நாட்டில் அதற்கெனவே நெய்த சிறு துணி 1960-களில் பரவி, இன்றும் பொதுக் குளியலறைகளில் வழங்குகிறது.

நம்மிடமிருந்து சென்ற கதையும் ஒன்று உண்டு. பாட்னாவில் பிறந்த தீன் முகமது என்பவர் இங்கிலாந்து சென்று, 1814-இல் பிரைட்டன் கடற்கரை ஊரில் நீராவிக் குளியல் விடுதி ஒன்று திறந்தார். உடலை அழுத்திப் பிடித்து விடும் நம் நாட்டுக் கலையை அங்கே நடத்தினார். ஆங்கில மன்னர் நான்காம் ஜார்ஜுக்கே அப்பணி செய்யும் பட்டம் பெற்றார். பிடித்து விடுதலைக் குறிக்கும் இந்தியச் சொல்தான் 'ஷாம்பூ' என்று அங்கே மாறியது. கப்பலேறிப் போன சொல், புட்டிக்குள் புகுந்து, விலைச்சீட்டு ஒட்டிக் கொண்டு நம் ஊர்க் கடைக்கே திரும்பி வந்தது. மன்னனின் மேனியைத் தொட்டவருக்கு அங்கே பட்டம். இங்கேயோ, ஊராரின் தலையும் உடலும் தொட்டுப் பணி செய்த நாவிதருக்கு வாசலிலேயே நிற்க வேண்டிய நிலை. தொடும் கை தேவை. தொட்ட கைக்குரியவன் மட்டும் தீட்டு! என்ன நியாயம் இது?

இனி, இரண்டாவது தோலிடம் வருவோம். 1875-இல் திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே இருப்புப் பாதை திறக்கப்பட்டது. திண்டுக்கல் அதன் வழியில் அமைந்தது. சுற்றுப்புறச் சமவெளியில் ஆடு மாடுகள் ஏராளம், ஆவாரை ஏராளம், கூலிக்கு ஏங்கிய கைகளோ அவற்றினும் ஏராளம். பூட்டும் புகையிலையும் பேர் சொல்லும் அந்த ஊரில், இருபதாம் நூற்றாண்டில் தோலும் பேர் சொல்லத் தொடங்கியது. தோல் ஷாப்பு என்று மக்கள் அழைத்த பதனிடும் சாலைகள் நகரைச் சுற்றி ஐம்பதுக்கு மேல் எழுந்தன.

தோல் ஷாப்பில் நடப்பது என்ன? உப்பிட்டு வந்த பச்சைத் தோலை முதலில் நீரில் ஊறவைப்பர். பின்பு சுண்ணாம்புக் குழியில் இறக்குவர். சில நாளில் மயிர் தளர்ந்து வழிந்து வரும். மயிரோடு மேல்தோலும் முழுவதும் கரைந்து நீங்கும். மறுபுறம் ஒட்டியிருக்கும் சதையையும் சவ்வையும் கத்தியால் சீவி எடுப்பர். எஞ்சுவது உள்தோல் ஒன்றே. அதை ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் நாள்கணக்கில் போட்டு வைப்பர். பட்டையின் துவர்ப்புச் சத்து, தோலின் புரத இழைகளோடு பிணைந்து, அழுகாத பதத்தைத் தரும். மாதவியின் குளியல் நீரில் ஊறிய அதே கடுக்காய்! அதே துவர்! புகார் மாளிகையில் மணந்தது, திண்டுக்கல் குழியில் நாறியது. பொருள் ஒன்று, இடம் வேறு, அதில் கை நனைத்தவரின் தலைவிதி என்று பிறர் எழுதி வைத்ததும் வேறு.

அந்தச் சுண்ணாம்புக் குழி ஒரு பெரும் பாடத்தைக் கற்பிக்கிறது. கரிய ஆட்டின் தோல் உள்ளே போகிறது. வெள்ளை ஆட்டின் தோல் உள்ளே போகிறது. செம்மறியும் போகிறது, புள்ளி ஆடும் போகிறது. மயிரும் மேல்தோலும் நீங்கி வெளியே வரும்போது எல்லாம் ஒரே வெளிறிய நிறம்! எது கரிய ஆட்டுடையது, எது வெள்ளாட்டுடையது என்று எடுத்துக் காட்டுவது அரிது. ஏன்? நிறம் என்பது மயிரிலும் தாள் கனமுள்ள அந்த மேல்தோலிலும் தங்கியிருந்த ஒரு சாயம். அவை போனதும் சாயமும் போயிற்று.

மனிதத் தோலுக்கும் இதுவே விதி. பதினேழாம் நூற்றாண்டிலேயே இத்தாலிய நாட்டு மருத்துவர் மால்பிகி, கறுப்பு மனிதரின் கறுப்பு தோல் முழுவதிலும் இல்லை. மேலடுக்குக்குக் கீழுள்ள மெல்லிய அடுக்கில் மட்டும் இருக்கிறது என்று கண்டு சொன்னார். இன்று நாம் அதனினும் தெளிவாக அறிவோம். மேல்தோலின் அடித்தளத்தில் மெலனின் என்னும் நிறமியை ஆக்கும் செல்கள் உள்ளன. அவற்றின் எண்ணிக்கை கறுப்பர்க்கும் வெள்ளையர்க்கும் ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் நிறமித் துகள்களின் அளவும் பரவலும்தான் வேறுபடும். நிறமி மிகுதியாக இருப்பது குறையும் அன்று, பாவமும் அன்று. கொதிக்கும் வெயிலின் கேட்டிலிருந்து உடலைக் காக்க இயற்கை பிடித்த குடை அது. திண்டுக்கல் வெயிலில் உழைப்பவனுக்கு அந்தக் குடையைவிட நல்ல நண்பன் வேறு யார்?

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை கூறலாம். தேய்த்தால் போவது செத்த செல். போகாதது நிறம். நிறத்தை ஆக்கும் இடம் அடித்தளத்தில் உள்ளது. பீர்க்கங்கூடு அங்கே எட்டாது. எட்டும்வரை தேய்த்தால் அது குளியல் ஆகாது, காயம் ஆகும். அதனினும் வியப்பு ஒன்று கேளுங்கள். வெளுக்க வேண்டும் என்று முரட்டு நாரும் நைலான் வலையும் கொண்டு நாள்தோறும் அழுந்தத் தேய்ப்போர்க்கு, கழுத்து எலும்பின் மீதும் முதுகிலும் கைகளிலும் கருமை படர்வதைத் தோல் மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர். உராய்வு ஒரு தாக்குதல். தாக்குண்ட தோல் தற்காப்புக்கு மேலும் நிறமியைப் பெருக்குகிறது. வெளுக்கத் தேய்த்தவர் கறுக்கின்றனர்! இயற்கை, மனிதனின் பேதைமையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பன்றோ அது?

ஆயினும் அந்தப் பேதைமையை வைத்தே கோடிகளைக் குவித்தது ஒரு வாணிபம். 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற களிம்பு இந்தியச் சந்தைக்கு வந்தது. சிவந்தால் வேலை கிடைக்கும், சிவந்தால் மணமகன் கிடைப்பான் என்று அந்த வகைக் களிம்புகளின் விளம்பரங்கள் வீட்டுக்கு வீடு ஓதின. 2020-இல், உலகெங்கும் நிறவெறிக்கு எதிராகக் குரல் எழுந்த பிறகு, அந்தப் பெயரிலிருந்து 'ஃபேர்' நீக்கப்பட்டு 'க்ளோ' சேர்க்கப்பட்டது. பெயர் மாறிற்று, மணமகள் தேவை விளம்பரத்தில் நிறம் கேட்கும் வழக்கம் மாறிற்றா? மறைவாக விற்கப்படும் சில வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் இருப்பதும், அது தோல் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைக் கெடுப்பதும் மருத்துவ உலகம் அறிந்தவை. 2013-இல் உலக நாடுகள் செய்து கொண்ட மினமாட்டா உடன்படிக்கை, அழகுப் பொருளில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கலாகாது என்று வரையறுத்தது. மேனி சிவக்க வேண்டும் என்று ஆசை காட்டிச் சிறுநீரகத்தைச் சிதைக்கும் கொடுமையை என்னென்பது! தோலின் மீது பூசும் மஞ்சளால் மஞ்சள் நிறம் ஏறலாம்; குலப்பெருமை ஏறாது, குணம் ஏறாது.

நிறத்தைப் போலவே தேய்த்தாலும் போகாது என்று சிலரால் விதிக்கப்பட்ட இன்னொன்று உண்டு. அதன் பெயர் தீட்டு. தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர், சதை சீவியவர், பட்டை நீரில் தோலை மிதித்தவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களே. சுண்ணாம்பு அவர்கள் கையிலும் காலிலும் தோலை அரித்தது. ஆட்டின் மேல்தோலைக் கரைக்கும் குழி, இறங்கியவனின் மேல்தோலை மட்டும் விட்டு வைக்குமா? வெடித்த விரலும் புண்ணான காலும் நாற்றம் படிந்த உடலுமாய் மாலையில் வெளியேறிய அந்தத் தொழிலாளிக்கு, மற்ற எவரையும் விட முதலில் தேவைப்பட்டது ஒரு நல்ல குளியல். குடம் குடமாய் நல்ல தண்ணீர். அதைத்தான் இந்தச் சமுதாயம் அவனுக்கு மறுத்தது. நாள் முழுவதும் உலகத்தின் காலணிக்காகத் தோலைத் தூய்மை செய்தவன், தன் தோலைத் தூய்மை செய்யக் குளத்தில் இறங்கினால் குளம் கெட்டுவிடும் என்றார்கள். அவன் சீவிக் கொடுத்த தோலில் தைத்த செருப்பை அணிந்து கொண்டே சொன்னார்கள்!

எந்தப் படலத்தில் இருக்கிறது அந்தத் தீட்டு? மேல்தோலிலா? அது நான்கு வாரத்தில் உதிர்ந்து விடுகிறதே. உள்தோலிலா? அங்கே எல்லா மனிதர்க்கும் ஒரே புரத இழைதானே. எந்த நுண்ணாடியிலும் தென்படாத ஒன்றை, கண்ணால் கண்டது போல் பேசி, தலைமுறை தலைமுறையாய் ஒரு மக்கள் கூட்டத்தையே தண்ணீர்த் துறையிலிருந்து துரத்தினார்களே!

துரத்தப்பட்டவர் வாளா இருக்கவில்லை. 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லா மக்களுக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டு வந்து நிறைவேற்ற வைத்தார். 1927 மார்ச்சுத் திங்களில் மராட்டியத்து மகத் நகரின் சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர், ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கிணறு, குளம், குளிக்கும் துறை என்று பெயர் சொல்லியே குறித்து, அங்கே சாதியின் பேரால் எவரையும் தடுக்கலாகாது என்று கூறுகிறது. ஒரு நாட்டின் உயர்ந்த சட்டம் குளிக்கும் துறையைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டி வந்தது என்றால், அந்தத் துறைகளில் நடந்த கொடுமை எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

திண்டுக்கல் தொழிலாளரும் சங்கம் கண்டனர். கூலிக்கும் மனித மதிப்புக்கும் போராடினர். அந்த வாழ்வையும் போராட்டத்தையும் அவ்வூரில் வழக்கறிஞராக வாழ்ந்த டி. செல்வராஜ் 'தோல்' என்ற நாவலாக எழுதினார். 2010-இல் வெளிவந்த அந்நூல் 2012-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. மேனியின் மெருகைப் பேசும் ஏடுகள் ஆயிரம் இருக்கலாம். தோல் என்ற ஒரு சொல்லைத் தலைப்பாக வைத்து உழைப்பவனின் தோலைப் பேசிய நூல் இது.

கதை அத்தோடு முடியவில்லை. ஆவாரம் பட்டையின் இடத்திற்குக் குரோமியம் வந்தது. பட்டை நாள்கணக்கில் செய்ததை அது மணிக்கணக்கில் செய்தது. ஆனால் வழக்கமான முறையில் தோல் ஏற்றுக் கொள்வது இடும் குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. மிச்சம் கழிவு நீரோடு போகும். ஒரு டன் பச்சைத் தோலைப் பதனிட 30,000 முதல் 40,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். அத்தனையும் உப்பும் சுண்ணாம்பும் குரோமியமும் கலந்து வெளியேறும். குடகனாற்றின் மேற்பகுதியில், மழை குறைந்த அந்தச் சமவெளியில், அது மண்ணுள் இறங்கியது. நகரை ஒட்டிய சிற்றூர்களின் கிணறுகள் உவர்த்தன. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தந்த தீர்ப்பில், தமிழகத்தில் தோல் கழிவால் கெட்ட மாவட்டங்களுள் ஒன்றாகத் திண்டுக்கல்லும் இடம்பெற்றது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டிய நீதிமன்றம், அம்மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது.

பார்த்தீர்களா, வரலாறு சுற்றி வந்த வட்டத்தை! சாதி ஒரு காலத்தில் குளத்தை மூடியது. சட்டம் குளத்தைத் திறந்தது. திறந்த குளத்தின் நீரைக் கழிவு கெடுத்தது. உவர்த்த நீரில் அரப்பு நுரைக்குமா? உப்பு நீரில் குளித்தால் மேனி வறண்டு வெடிக்காதா? ஆரோக்கியமான தோலுக்கு முதல் தேவை பொடியும் அன்று, களிம்பும் அன்று, நல்ல தண்ணீர். அழகுப் பொருள் விற்போர் சொல்லாத முதல் உண்மை இதுவே.

இரண்டாவது உண்மை, அந்த நீர் கிடைத்தவர் செய்ய வேண்டியது மிக எளிது என்பது. வாரத்தில் ஒருமுறை அல்லது இருமுறை போதும். உடல் நன்றாக நனைந்து ஊறிய பிறகு, சலித்த பயற்றம் மாவையோ அரப்பையோ குழைத்து, கையாலோ ஊறி மென்மையான பீர்க்கங்கூட்டாலோ வட்டமாக மெல்லத் தேய்க்க வேண்டும். புண், பரு, படை உள்ள இடத்தில் தேய்க்கலாகாது. முகத்தில் முரட்டு நார் படலாகாது. குளித்தபின் ஈரம் காயுமுன் சிறிது எண்ணெய் தடவினால் நன்று. பீர்க்கங்கூட்டை வெயிலில் காயவைத்து, நைந்தால் மாற்ற வேண்டும்; ஈரத்தில் கிடந்தால் அதில் கிருமி வளரும். தேய்த்தபின் தோல் எரிந்தால் அளவு மீறியது என்று பொருள். செத்த செல்லின் அடுக்கும் வீணன்று. உள்ளிருக்கும் ஈரத்தைக் காத்து வெளியிலிருந்து கிருமி புகாமல் தடுக்கும் அரண் அது. தளர்ந்த ஓட்டை மாற்றலாம், கூரையையே பெயர்க்கலாமா?

இவ்வளவு எளிய ஒன்றை, செல்வன் நாற்பத்தேழு பொருளாக்கினான். வணிகன் களிம்பாக்கினான். சாதியைக் காத்தவன் அதையே தீட்டுக் கழிக்கும் சடங்காக்கினான். உழவன் மட்டும் அரப்பும் பீர்க்கங்கூடுமாய் அதன் உண்மைப் பொருளைக் காத்து வந்தான்.

இன்றும் திண்டுக்கல் வெளியில் ஆவாரை பூக்கிறது. குரோமியம் வந்தபின் அதன் பட்டைக்குப் பழைய தேவை இல்லை. பூவோ நகரத்துக் கடைகளில் அழகிய பொட்டலங்களில் விற்கப்படுகிறது. வாங்குங்கள், தேய்த்துக் குளியுங்கள், குறை சொல்வார் இல்லை. ஆனால் அந்தப் பொடியைக் கையில் எடுக்கும்போது இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். ஒன்று, உங்கள் மகளின் நிறம் கழுவப்பட வேண்டிய அழுக்கு அன்று. மற்றொன்று, அதே செடியின் பட்டை ஊறிய குழியில் நின்றவனின் மேனியும் நாம் தேய்த்துப் பேணும் மேனியும் ஒரே மேனி. அவன் குளிக்க நல்ல நீர் கிடைக்கும் நாள்தான் நம் குளியலும் தூய்மையாகும் நாள். தோலில் படிந்ததை நீக்கப் பீர்க்கங்கூடு போதும். எண்ணத்தில் படிந்ததை நீக்க அறிவு வேண்டும். அதை அழுந்தவே தேய்க்கலாம், தவறில்லை!